நிறம் ஏறாத குழி

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். சோப்புத் தண்ணீரில் வெடித்திருந்த உன் கை ஆறிவிட்டதா? நான் இருக்கிறபடி இருக்கிறேன். உன் அண்ணனைப் பற்றித்தான் அப்படி எழுதிவிட முடியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். போன் கூடத்தில் இருக்கிறது. அவரும் இப்போது நாள் முழுக்கக் கூடத்தில்தான் இருக்கிறார். நீயும் பதிலை வீட்டுக்கு எழுதாதே. உறையின் பின்னால் ஆய்வுக்கூடத்து முகவரி இருக்கிறது, அங்கே எழுது.

டிசம்பரிலிருந்து இளைத்துக்கொண்டே போகிறார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். அதுவும் இப்போது போதவில்லை. சாப்பிடாமல் இல்லை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் எண்ணெயாக வெளியே போய்விடுகிறது. வயிற்றில் தொடங்கும் வலி முதுகுவரை இழுக்கிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று. கணையம் சுருங்கினாற்போல் இருக்கிறது, பக்கத்தில் ஏதாவது வளர்கிறதா என்று தெளிவாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். எல்லார் மனதிலும் ஒரே நோய்தான் ஓடுகிறது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கணையம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதிக்கொடுத்திருக்கிறார். எலாஸ்டேஸ் என்று ஒரு நொதி. சாப்பாட்டைச் செரிக்கக் கணையம் சுரப்பது. வயிற்றிலும் குடலிலும் அழியாமல் கடைசிவரை வந்துவிடும். அதனால் மலத்தில் அளந்தால் போதும், ஊசி கிடையாது, வலி கிடையாது. இந்த ஊரில் அதற்கான கிட் இருப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது நான்.

அதுதான் சிக்கல். மாட்டேன் என்கிறார்.

"ஊர்ல உள்ளவனோடதெல்லாம் நோண்டுற. என்னோடதையும் நோண்டணுமா?"

"உங்களோடதுன்னு தெரியாதுங்க. டப்பா மேல நம்பர்தான் இருக்கும்."

"உனக்குத் தெரியும்ல?"

இத்தனை வருடம் குடித்தனம் செய்த பிறகும் கதவைத் தாழிட்டுக்கொள்கிற ஒரு இடம் அவருக்கு இருக்கிறது. நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். நீ சொல்லித்தான் அவர் மீசையையே எடுத்தார்.

ஜனவரியில் உனக்கு வேறொரு விஷயம் எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கு இப்போது அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கை ஆறிவிட்டது. அதைக் கேட்டு ஆரம்பித்து இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடிதத்தைச் சலவை அறையில் நின்றே படித்தேன். கொதிகலன் பக்கத்தில் நின்றும் எனக்குக் குளிரெடுத்தது.

டிசம்பரிலிருந்து இளைக்கிறான் என்கிறீர்கள். இது பிப்ரவரி. கூடவே இருக்கிறவர்கள் கண்ணில் படவில்லையா? மத்தியானம் அவன் எங்கே சாப்பிடுகிறான்? வேலை இடத்தில் கண்டதையும் தின்கிறானா? நீங்கள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறீர்கள், தெரியும். இருந்தாலும் அண்ணி, ஒரு மனுஷன் பெல்ட்டில் ஓட்டை போடுகிறவரை விட்டிருக்கக் கூடாது.

கோபம் வந்தால் இப்படித்தான் எழுதுவேன், கிழிக்காமல் அனுப்புகிறேன். எனக்கு அவன் அண்ணன் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. எனக்குப் பின்னல் போட அவன் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தான். ஒரு வாரம் கோணலாகவே போட்டான். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் அவிழ்க்க மாட்டேன் என்று அழுதேன்.

அவனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நான் இந்த ஹோட்டலில் தினமும் முகம் தெரியாதவர்களின் படுக்கை விரிப்பைப் பிரிக்கிறேன், அதில் இல்லாத அசிங்கமா உன் டப்பாவில் இருக்கப் போகிறது, பெரிய மகாராஜா என்று திட்டி எழுதியிருக்கிறேன்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. புது மேனேஜர், விடுப்பு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முயற்சி செய்கிறேன்.

ஜனவரி விஷயம் என்ன?

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
வாலு


மார்ச் 19

அன்புள்ள வாலுவுக்கு,

அங்கே சீசன் நெரிசலில் தூங்க நேரம் கிடைக்கிறதா? இங்கே எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

உன் கடிதம் அவரிடம் வேலை செய்தது, பாதி. "மகாராஜாவாமே நான்" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதமாகிறது. சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று உடனே நிறுத்திக்கொண்டார். சரி, கொடுத்துவிடுவார் என்று நினைத்து டப்பாவைக் குளியலறைத் திட்டில் வைத்தேன். மறுநாள் அதில் தன் சவர பிளேடுகளைப் போட்டு வைத்திருந்தார்.

நானும் அதிகம் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் கிட்டே இல்லை. குளிர்பெட்டியில் வர வேண்டிய சரக்கு, வழியில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. பிரித்தால் ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகள் மாதிரி இருக்கின்றன. அதை வைத்து அளந்தால் எண் வரும், வராமல் போகாது. ஆனால் அந்த எண்ணை நம்பி ஒருவருக்கு வைத்தியம் செய்ய முடியாது. திருப்பி அனுப்பிவிட்டோம். எங்கள் பொறுப்பாளர் அம்மா போனில் சண்டை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார். வந்தாலும் ஒரே ஒருவருக்காகச் சோதனைத் தட்டைப் பிரிக்க மாட்டோம். பத்துப் பதினைந்து பேருடையது சேரும்வரை எல்லாம் ஃப்ரீசரில் காத்திருக்கும். அவர் கொடுத்தால் அவருடையதும் காத்திருக்கும்.

அவர் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்டிருந்தாய். வீட்டில்தான். நான் வைத்துவிட்டுப் போவதை. நவம்பரிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

விடுப்புக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நான் இருக்கிறேன்.
அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் போயிற்றா? ஆவி பிடியுங்கள். நான் சரியாக இருக்கிறேன்.

நவம்பரிலிருந்து வேலைக்குப் போகவில்லையா? இளைக்க ஆரம்பித்தது டிசம்பர் என்றுதானே எழுதினீர்கள். ஜனவரியில் போனில் பேசியபோதுகூட ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்டை மாற்றுகிறோம், பெரிய வேலை என்று அரை மணி நேரம் சொன்னானே.

இங்கே ஹோட்டலுக்கு வாரம் ஒருமுறை ஒரு டாக்டர் வருவார். வயதானவர், தன்மையாகப் பேசுவார். அவரிடம் கேட்டேன். கணையம் சுருங்குமா டாக்டர், எதனால் என்றேன். அவர் முதலில் கேட்டது, "உங்க அண்ணன் குடிப்பாராம்மா?"

"எங்க அண்ணன் கல்யாண வீட்டுல சோடா குடிக்கவே யோசிப்பாரு டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு மாதிரி தலையை ஆட்டிவிட்டு, "எத்தனை வருஷமாச்சு நீங்க வீட்டுக்குப் போயி?" என்று கேட்டார்.

அண்ணி, அண்ணன் குடிக்கிறானா?

வாலு


ஏப்ரல் 27

அன்புள்ள வாலுவுக்கு,

ஜலதோஷம் போய்விட்டது, இருமல் கொஞ்சம் இருக்கிறது. நீ உடம்புக்கு ஒன்றும் இழுத்து வைத்துக்கொள்ளவில்லையே?

கொடுத்துவிட்டார். புது கிட் வந்த வாரத்தில், நான் கேட்காமலேயே. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன், குளியலறை வாசலில் நின்றுகொண்டு செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ. ஆனா பாக்காத."

"பாக்காம எப்படிங்க டெஸ்ட் பண்றது?"

"வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லு."

"சரி, கண்ண மூடிட்டே பண்றேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் இது. கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ரொம்ப வற்புறுத்தினார். கடைசிவரை கொடுக்கவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது. மற்றவர்களுடையது சேர்ந்ததும் போடுவேன். இதற்கிடையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கவும் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மேசையில் வேலை கிடக்கிறது. நிறுத்துகிறேன்.
அண்ணி


மே 3

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் கேட்டது ஒன்று. பஸ்ஸில் வந்த பெரியவரைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் இல்லை. நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள், அதனால்தான் எழுதாமல் விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் போன் செய்வான். "நீ நல்லா இருக்கியாம்மா, உனக்கு ஒரு குறையும் இல்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்பான். சில நாள் பேசிக்கொண்டே அழுதுவிடுவான். நான் போனை வைத்துவிட்டு அறைத் தோழியிடம் பெருமையாகச் சொல்வேன், பார், இந்த வயதிலும் எங்கள் அண்ணனுக்குத் தங்கை என்றால் உயிர் என்று. அவள் ஒரு நாள், "உங்க அண்ணன் எப்பவும் சாயங்காலந்தான் பாசமா இருப்பாரா?" என்று கேட்டாள். அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

எத்தனை வருடமாக? எனக்கு மட்டும் ஏன் தெரியாது? நான் என்ன வெளியாளா? உங்கள் மேல் எனக்கு ரொம்ப வருத்தம். வருத்தம் என்ன, கோபம். ஆனால் ரிசல்ட் வந்ததும் தந்தி மாதிரி எழுதுங்கள்.

உங்கள் இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன்.
வாலு


மே 22

அன்புள்ள வாலுவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அந்த நோய் இல்லை. குழாய் விட்டு எடுத்த ஸ்கேனில் வளர்ச்சி எதுவும் இல்லை. கணையத்தில் பல வருட வீக்கம், கல் படிந்திருக்கிறது. அழுதுவிட்டு மீதியைப் படி.

என் சோதனையைப் பற்றியும் சொல்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டாலும் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். அடியில் ஒரு மருந்து பூசியிருக்கும். மனிதனுடைய எலாஸ்டேஸ் வந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்றது கழுவினால் போய்விடும். கடைசியில் ஒரு திரவம் விட வேண்டும். பிடித்து வைத்திருக்கிற அளவுக்கு அது நீலமாகும், பிறகு அமிலம் விட்டதும் மஞ்சள். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நொதி. மிஷின் எண் சொல்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அன்று ஒவ்வொரு குழியாக நீலம் ஏறிக்கொண்டு வந்தது. அவருடைய இரண்டு குழிகளும் தண்ணீராகவே இருந்தன. அவருடைய நம்பர்தானா என்று சரிபார்த்தேன். பொறுப்பாளர் அம்மா வந்து பக்கத்தில் நின்று, "யாரோடதும்மா, பாவம்" என்றார். நான் நம்பரைச் சொன்னேன்.

அவருடைய கணையம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதற்கு மாத்திரை இருக்கிறது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதி, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் போட வேண்டும், ஆயுசுக்கும். போட்டால் உடம்பு தேறும். இனி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. டிசம்பரிலிருந்து குடிக்கவில்லை, அது உண்மை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ வேலைக்குப் போன வருடமே ஆரம்பித்தது. முதலில் சம்பள நாளில், பிறகு எல்லா நாளும். லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிற ஆள், வாலு. போன வருடம் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டு மேலேயே தூங்கிவிட்டார். உள்ளே ஒரு கர்ப்பிணி. அதற்குப் பிறகு அவரைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். நவம்பரில் அங்கேயும் வேண்டாம் என்றார்கள். உன்னிடம் சொன்ன ஆஸ்பத்திரி லிஃப்ட் அவர் செய்ய ஆசைப்பட்ட வேலை.

ஏன் சொல்லவில்லை என்றால், உன் மனதில் அவர் இருந்த மாதிரி வேறு யார் மனதிலும் இல்லை. என் மனதிலும் இல்லை. அந்த ஒரு இடமாவது கலையாமல் இருக்கட்டும் என்று விட்டேன். அவ்வளவுதான். உன்னை வெளியாள் என்று நினைத்ததில்லை.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி அழுதுவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். மீதியைப் படித்துவிட்டு இன்னொரு தரம் அழுதேன். பிப்ரவரியில் நான் எழுதியதையெல்லாம் நினைத்தால் கூசுகிறது. அவனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று உங்களைப் போய்க் கேட்டேனே.

இது தாமதமானதற்குக் காரணம் அண்ணன் எழுதிய கடிதம். பத்து வருடத்தில் முதல் தடவையாக அவன் கையெழுத்தில் இரண்டு பக்கம். எடை ஏறியிருக்கிறதாம். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டானாம். பழைய கூட்டாளி ஒருவர் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை தருகிறாராம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறான்:

"உங்கண்ணி ஜனவரியிலேயே தனியா ரூம் பாத்து வெச்சிருந்தா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. துணிகூட எடுத்து வெச்சுட்டா. நான் வலி தாங்காம குளியலறையில விழுந்தேன், உனக்குச் சொல்லல, அந்த வாரந்தான். அதான் நின்னுட்டா. இப்ப எனக்கு ஒடம்பு தேறத் தேற பயமா இருக்கு. நான் மாறிட்டேன்னு நீ சொன்னா நம்புவா."

அண்ணி, ஜனவரி விஷயம் இதுதானா?

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. போகாதீர்கள். அவன் உண்மையிலேயே மாறிவிட்டான் என்று அவன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எழுத்து நடுங்கவில்லை. இவ்வளவு தூரம் அவனைக் கரையேற்றிவிட்டு, நன்றாக இருக்கப் போகிற நேரத்தில் ஏன் போக வேண்டும்? உங்களுக்கும் இனிமேல்தானே நிம்மதி? எனக்காக யோசியுங்கள்.

இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதுங்கள்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 18

அன்புள்ள வாலுவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு நாள் மேசை முன்னாலேயே, கையில் சொட்டு அளக்கிற பிப்பெட்டோடு. இருமல் நின்றுவிட்டது. நீ நலமா?

ஆமாம், இதுதான் ஜனவரி விஷயம். ஒரு தையல் கடைக்கு மேலே சின்ன அறை. சாவி வாங்கி என் கைப்பையில் வைத்திருந்தேன். அவர் விழுந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தேன். சாகப் போகிறவரை விட்டுப் போனவள் என்று பெயர் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. அதைவிட, அவர் சாகக் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். இரண்டும் உண்மை.

மாறிவிட்டாரா என்று கேட்டால், மாறிவிட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறார். பட்டறையிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறார். மாத்திரையை மறப்பதில்லை. போன மாதம் டாக்டர் அதே சோதனையை இன்னொரு தடவை செய்யச் சொன்னார், முதல் தடவை வயிற்றுப்போக்கு இருந்ததால் எண் குறைந்து காட்டியிருக்கலாம் என்று. இந்தத் தடவை கூச்சப்படாமல் அவரே கொடுத்தார். அதே எண். அதே தண்ணீர் நிறம்.

"என்ன, ஏறவே இல்லயா? இவ்ளோ மாத்திர போடுறேனே?"

"மாத்திரையில இருக்கறது இந்த டெஸ்ட்ல தெரியாதுங்க. மனுஷனோடது மட்டுந்தான் தெரியும். உங்க கணையம் சுரக்கறது மட்டும்."

"அப்ப நான் நல்லாயிட்டேன்னு உனக்கு எப்படித்தான் காட்டுறது?"

கேலியாகக் கேட்கவில்லை. எனக்குக் காட்ட வேண்டியதில்லை, வாலு. எனக்கே தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் பக்கத்தில் போய் நின்று சட்டையை மோந்து பார்க்கிறேன். தினமும். கிரீஸ் வாசனையும் வியர்வையும்தான் வரும். மறுநாளும் போய் நிற்கிறேன். பத்து நிமிடம் தாமதமானால் எனக்குக் கை நடுங்குகிறது. முன்பு அவருக்கு நடுங்கியது. அவரும் இதைப் பார்க்கிறார். கையை விரித்துக்கொண்டு நிற்கிறார், போலீஸ் சோதனை போடுகிற இடத்தில் நிற்கிறவர் மாதிரி. அவர் குணமாகிவிட்டார். என் மூக்கு குணமாகவில்லை.

கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கோபம் இல்லை. அசதிதான். நல்லவராகிவிட்ட ஒருவரை எந்த முகத்தோடு விட்டுப் போவது என்றும் தெரியவில்லை, இருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நீ போகாதே என்று எழுதியிருக்கிறாய். சரி, போகவில்லை.

அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எப்படி, தூங்கினீர்களா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. "சரி, போகவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு இஸ்திரி மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாள் எல்லாருக்கும் இப்படித்தான் சரி சொல்லியிருக்கிறீர்கள்.

நான் வருகிறேன். விடுப்பில் இல்லை, மொத்தமாக. துணி துவைக்கிற வேலை எந்த ஊரிலும் கிடைக்கும். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இந்தத் தடவை நானும் திருப்பிக்கொண்டேன். என் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை எப்போது, எத்தனை, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் அறை பாருங்கள்.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். வரவேற்பறைப் போனில், எல்லார் காதிலும் விழ.

"அண்ணா, நான் வர்றேன். அண்ணி தனியா இருக்கப் போறாங்க."

"நீ சொன்னா நம்புவான்னு எழுதினேனே, சொல்லலயா?" என்றான்.

"சொன்னேன். நம்பறாங்க. அதுக்காக இருக்கணும்னு இல்லண்ணா."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன் இப்ப?"

"இப்ப ஒண்ணும் பண்ணல. அவங்களுக்கு முடியல. அவ்ளோதான்."

"திரும்பி வருவாளா?"

"அத நீயும் கேக்காத, நானும் கேக்கல."

அழுதான் அண்ணி. காலைப் பத்து மணிக்கு, ஒன்றும் குடிக்காமல் அழுதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உன் பெட்டியைத் தூக்க ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்றான்.

உங்கள் வாலு


நவம்பர் 23

அன்புள்ள வாலுவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. எழுதிப் பழகிவிட்டது. நேரில் வந்தால் நீ எனக்குச் சாப்பாடு போடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. புது வேலையில் கொதிகலன் பழையது என்றாயே, பார்த்து நட. நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்கினேன். எழுந்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி உட்கார்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டேன்.

அவர் செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்தது உனக்குத் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டார். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க டாக்டர் அனுப்பியிருக்கிறார். எல்லாரோடும் வரிசையில் நின்றார். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. சட்டை இஸ்திரி போட்டிருந்தது, அது உன் கை என்று தெரிந்தது. வரவேற்பில் இருக்கிற பெண் என்னைத் தேடி உள்ளே வந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர்" என்றாள். ரத்தம் எடுக்கிற பெண் சாப்பிடப் போயிருந்ததால் நானே எடுத்தேன்.

முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசி போட்டேன். அவர் கையில் நரம்பு முன்பெல்லாம் கிடைக்காது. இப்போது உடனே கிடைத்தது. எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டேன்.

"போடறேன்."

பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டேன். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. தன் முழங்கையையே பார்த்துக்கொண்டு, "நல்லா தூங்கறியா?" என்றார்.

வாலு, இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் என்னிடம் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார், கோபமா என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை.

"தூங்கறேன்" என்றேன்.

"நல்லது" என்றார். பிறகு, வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவரே எழுந்து, அடுத்தவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அடுத்து வந்த பாட்டிக்கு நரம்பு தேட எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. கண் மறைத்தது. "அவசரம் இல்லம்மா, மெதுவா பாரு" என்றாள் பாட்டி.

இனிமேல் என்ன என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் உன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம். எனக்கும் தெரியாது. இன்று ஞாயிறு, மத்தியானம், சாப்பிட்டுவிட்டேன். தூக்கம் வருகிறது.

அண்ணி